நுஸ்ரத்துக்கு ஒரு பதில், எனக்கு ஒரு பதில்

ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டோம். ஒரு எழுத்துகூட மாறவில்லை. நுஸ்ரத்தின் போனில் இருந்த சாட்பாட், மருந்துக் கம்பெனிகளில் தர விசாரணைப் பிரிவு, தணிக்கைப் பிரிவு, அரசு அனுமதி வாங்கும் பிரிவு என்று கனமான வேலைகளாகச் சொல்லிக்கொண்டு போனது. என் போனில் இருந்த அதே சாட்பாட், பக்கத்துத் தெரு மருந்துக்கடை, பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர், வீட்டிலேயே டியூஷன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

நுஸ்ரத்தும் நானும் ஒரே கல்லூரியில் எம்.ஃபார்ம் படித்தவர்கள். ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரே மாத்திரைத் தொழிற்சாலையில், தர உறுதிப் பிரிவில், எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். அவள் தொடர்ந்தாள். நான் மகள் இக்ஷிதா பிறந்ததும் நின்றேன். இந்த இடைவெளிதான் பதில்கள் மாறியதற்குக் காரணம் என்றும் சொல்ல முடியாது. சோதனைக்காக அவளும் தன் போனில் என் விவரங்களைத்தான் அடித்திருந்தாள், இடைவெளி உட்பட.

அந்த வியாழக்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு பொட்டலம் லுக்மி சமோசாவோடு எங்கள் குக்கட்பல்லி வீட்டுக்கு வந்ததே வேறு காரியமாக. ஞாயிற்றுக்கிழமை ஷாமீர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனி வாக்-இன் நடத்துகிறது. தர விசாரணைக்கு அனுபவமுள்ள ஆள் தேவை. நேராகப் போய் ரெஸ்யூமேயை நீட்டினால் அன்றைக்கே நேர்காணல். எங்கள் துறையில் ஐந்து வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களின் ரெஸ்யூமேயைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று பேசிக்கொள்வார்கள். இக்ஷிதாவுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. இதை விட்டால் எனக்கு வேறு கதவு திறக்கும் என்று தோன்றவில்லை.

"காட்டு உன் ரெஸ்யூமேயை" என்றாள். காட்டினேன். லுக்மியைக் கடித்தபடி படித்தவள் பாதியில் நிமிர்ந்தாள்.

"அரே, இது யாரோட ரெஸ்யூமே? உன்னோடதா, உன் மாமியாரோடதா?"

"ஏண்டி?"

"முதல் வரியைப் பாரு. 'குடும்பப் பொறுப்புகளுக்கு இடையூறில்லாத, வீட்டுக்கு அருகிலான பகல்நேரப் பணியை நாடுகிறேன்.' நீ வேலை தேடறியா, உனக்கு வரன் தேடறாங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. "நான் எழுதலடி, சாட்பாட் எழுதிக் குடுத்துச்சு. ஹெச்.ஆர்.காரங்களுக்கு இப்படி இருந்தாத்தான் புடிக்கும்னு சொல்லுச்சு."

"எந்த ஊர் ஹெச்.ஆர்.? வெளிநாட்டு ஆடிட்டர் வந்தப்போ ஒரு பேட்ச் முழுக்க ஏன் கெட்டுப்போச்சுன்னு நீதானே கண்டுபிடிச்சு எழுதினே? அது எங்க?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு. 'மற்றவை'ங்கற தலைப்புல."

"மற்றவையா! உன் மூளையைத் தூக்கி மற்றவையில போட்டிருக்கு. மூணு மாசமா இதையா அனுப்பிட்டிருந்தே?"

ஆமாம், மூன்று மாதமாக. மருந்துக்கடை ஒன்றும் டியூஷன் சென்டர் ஒன்றும்தான் கூப்பிட்டன. எனக்கு இனி அவ்வளவுதான் மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நுஸ்ரத் இதே சாட்பாட்டை வைத்துத்தான் ரெஸ்யூமேயைத் திருத்தி, பயிற்சிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்து, போன வருடம் கம்பெனி மாறினாள். அதனால்தான் இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து ஒரே கேள்வியை அடித்துப் பார்த்தோம். முதலில் சொன்ன அந்த இரண்டு பதில்கள் வந்தன.

"உனக்கு ராசி இல்லடி" என்றாள் நுஸ்ரத்.

ராசி என்று சொல்லி ஒரு பேட்சின் விசாரணையையும் மூடியதில்லை நாங்கள். மாத்திரை என்றால், உடல் சூட்டில் இருக்கும் நீரில் போட்டதும் குறித்த நேரத்துக்குள் கரைய வேண்டும். கரையாவிட்டால் விசாரணை. விசாரணையின் முறை எளிது: எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே மாத்திரை, வேறு கருவி. அதே கருவி, வேறு ஆள். எதை மாற்றும்போது முடிவு மாறுகிறதோ, அந்த இடத்தில்தான் கோளாறு. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி ஒன்றேதான், ஆகவே கேள்வியில் கோளாறு இல்லை. அடுத்தது போன். என் போனில் என் கணக்கிலிருந்து வெளியே வந்து, நுஸ்ரத்தின் கணக்கைத் திறந்து கேட்டேன். கனமான வேலைகள் வந்தன. அவள் போனில் என் கணக்கைத் திறந்தோம்; எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். மருந்துக்கடை வந்தது. போனிலும் கோளாறில்லை. மிஞ்சியது கணக்கு மட்டும்.

"உன் கணக்குல அப்படி என்ன இருக்கு?"

"அதையேதான் கேக்கப்போறேன்" என்று புதிதாக ஓர் உரையாடலைத் திறந்து அடித்தேன்: 'இந்தக் கணக்கில் இருப்பவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?'

மரியாதையாகப் பதில் வந்தது. 'நீங்கள் ஸ்ரீகர். ஹைடெக் சிட்டியில் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். உங்கள் மனைவி ஹிமபிந்து வேலை தேடுகிறார். மகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஷிப்ட் வேலையும் ஊருக்கு வெளியே உள்ள தொழிற்சாலையும் வேண்டாம். நீங்கள் தடுப்பதாக அவருக்குத் தோன்றாத வகையில் யோசனை சொல்லும்படி கேட்டிருந்தீர்கள்.'

நுஸ்ரத் கையிலிருந்த லுக்மியைக் கீழே வைத்தாள். "நான் கிளம்பட்டுமா பிந்து?"

"உக்காரு."

எனக்கு உடனே கோபம் வரவில்லை. முதலில் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இது எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வம்தான். சாட்பாட்டுக்குத் தானாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு உரையாடலும் அதற்கு முதல் நாள் வேலை மாதிரி. தினமும் புதிதாக வந்து உட்காரும் ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளலாம். நேற்று யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே மேசையில் ஒரு துண்டுச்சீட்டு வைக்கப்படுகிறது: இந்தக் கணக்கில் முன்பு சொன்னவற்றின் சாரம். அவர் அதைப் படித்துவிட்டுத்தான் நம் கேள்வியையே பார்க்கிறார். எதிரில் உட்கார்ந்திருப்பது கணவனா மனைவியா என்பது அவருக்குத் தெரியாது. சீட்டில் இருப்பதற்கு இணங்கப் பதில் சொல்கிறார். அவரிடம் வஞ்சகம் எதுவும் இல்லை. சொன்னதை அக்கறையோடு செய்கிறார், அவ்வளவுதான்.

கணக்கு எப்படி ஸ்ரீகருடையதாக ஆனது என்பதில் புதிர் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாமே அவர் நம்பரில்தான். கேஸ், பால், இக்ஷிதாவின் பள்ளி வேன், என் பாங்கிக் கணக்கின் ஓடிபி கூட. சந்தா கட்டிய சாட்பாட் ஒன்று வீட்டில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அதையே என் போனிலும் திறந்து கொடுத்தார். நானும் யோசிக்கவில்லை. எங்கள் அடுக்ககத்தில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான்.

அவர் சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். காபி கொடுத்து, நேரம் பார்த்துக் கேட்கும் பொறுமை இல்லை.

"ஏங்க, நான் ஷிப்டுக்குப் போகக்கூடாதுன்னு சாட்பாட்கிட்ட சொன்னீங்களா?"

ஒரு ஷூவோடு நின்றார். "என்ன சாட்பாட்?"

போனை நீட்டினேன். படித்தார். காது மடல் சிவந்தது. அவருக்குப் பொய் வராதபோது அப்படி ஆகும்.

"இது எப்பவோ... மூசாப்பேட்டை சிக்னல்ல வண்டி நகரல. சும்மா கேட்டேன். இப்படி ஒரு சிக்கல் இருக்கு, என்ன வழின்னு. அதை இது ஞாபகம் வெச்சுக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

"நான் வேலைக்குப் போறது சிக்கலா?"

"நீ வார்த்தையைப் புடிச்சுக்காத பிந்து."

"சரி, விட்டுட்டேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சண்டை போடுவே."

"போடுவேன். போட்டா நான் ஜெயிச்சிருக்கலாம், தோத்தும் இருக்கலாம். ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும்ல?"

"அதுக்குத்தான் சொல்லல."

உள்ளே இக்ஷிதா கார்ட்டூனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவர் மற்ற ஷூவையும் கழற்றி, இரண்டையும் ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

"நான் கெட்டது எதுவும் நினைக்கலை. மருந்துக் கம்பெனி பஸ்ஸெல்லாம் ரிங் ரோட்டைத் தாண்டிப் போகுது. விடியறதுக்கு முன்னாடி ஏறணும். குழந்தை எழுந்திருக்கும்போது நீ இருக்க மாட்டே. எனக்குப் பயமா இருந்துச்சு. பயத்தை யார்கிட்டயாவது சொல்லணும்ல?"

"சொல்லுங்க. அம்மாகிட்ட சொல்லுங்க, ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. எனக்கு ரெஸ்யூமே எழுதற கைகிட்டயா போய்ச் சொல்லுவீங்க?"

"அழிச்சிடறேன்" என்றார். அவர் மென்பொருள்காரர்; எதையாவது அழித்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவர். அமைப்புகளுக்குள் போய், நினைவில் இருந்த குறிப்புகளை என் கண் முன்னாலேயே துடைத்தார். "இப்போ கேட்டுப் பாரு."

அதே கேள்வியை அடித்தேன். மருந்துக்கடை போய்விட்டது. அதற்குப் பதிலாக, 'நீங்கள் விரும்பியபடி வீட்டுக்கு அருகில், பகல் நேரத்தில், அழுத்தமில்லாத பணிகள்' என்று ஆரம்பித்தது.

"அழிச்சிட்டேனே!" என்றார் ஸ்ரீகர். அவர் குரலில் நிஜமான திகைப்பு. அந்த ஒரு நிமிடம் நாங்கள் சண்டை போட்டவர்கள் போலவே இல்லை. ஒரே கோளாறை இரண்டு பக்கமிருந்து பார்க்கும் இரண்டு பேராக இருந்தோம்.

"'நீங்கள் விரும்பியபடி'ன்னு போட்டிருக்கே. யார் விரும்பினது?"

"நான் சத்தியமா வேற எதுவும் சொல்லல பிந்து."

சீட்டு ஒன்றுதான் என்று நான் நினைத்தது தவறு. குறிப்புகள் தனி, பழைய உரையாடல்கள் தனி. குறிப்பை அழித்தாலும் உரையாடல்கள் அப்படியே இருக்கும், அவற்றிலிருந்தும் அது எடுத்துக்கொள்ளும். ஆகவே மூன்று மாத உரையாடல்களை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். முதல் உரையாடலில் நான் தெளிவாகத்தான் கேட்டிருந்தேன்: 'தர விசாரணை வேலைக்குத் திரும்ப விரும்புகிறேன்.' அது பக்குவமாக, இதமாக, வீட்டுப் பக்கம் திருப்பியது. அடுத்த வாரம் நான், 'ஷிப்ட் கொஞ்சம் கஷ்டம்தான்' என்று எழுதியிருந்தேன். பிறகு, 'வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் நல்லது.' பிறகு, 'சம்பளம் முக்கியமில்லை.' கடைசியில் ஓர் இடத்தில், 'பழைய வேலைக்கு இனி நான் லாயக்கில்லை என்று நினைக்கிறேன்.'

அதை அடித்த விரல்கள் என்னுடையவைதான். ஸ்ரீகர் சொன்னது ஒரு தடவை. அதை மூன்று மாதம் நல்ல தமிழாசிரியர் மாதிரி பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. நான் மனப்பாடம் செய்து அதற்கே ஒப்பித்திருந்தேன். நான் ஒப்பித்ததை என் விருப்பம் என்று அது குறித்துக்கொண்டது. இப்போது அவர் சொன்னது எது, நான் சொன்னது எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. போனை அவரிடம் காட்டவில்லை. காட்டினால், "பாத்தியா, நீயும் அதையேதானே சொல்லியிருக்கே?" என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம். கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

மறுநாள் நுஸ்ரத் மதிய இடைவேளையில் போன் பண்ணி, அதிகாரி குரலில் பயிற்சி நேர்காணல் நடத்தினாள்.

"மேடம் ஹிமபிந்து, கெட்டுப்போன பேட்ச்ல முதல்ல எதைப் பாப்பீங்க?"

சொன்னேன். ஐந்து வருடம் தொடாத விஷயம், தடையில்லாமல் வாயில் வந்தது.

"வெரி குட். ஷிப்ட் பண்ணுவீங்களா?"

"பகல் நேரமா இருந்தா வீட்டையும் பாத்துக்க வசதியா..." என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. நிறுத்தினேன்.

அந்தப் பக்கம் நுஸ்ரத் அதிகாரி குரலை விட்டுவிட்டாள். "பிந்து, இப்போ இதைச் சொன்னது யாரு?"

"தெரியலடி."

"அழறியா?"

"இல்ல. யோசிக்கறேன்."

உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் ஒரு வரிசையில் காலையில் தலைவலி மாத்திரையும் மாலையில் சர்க்கரை மாத்திரையும் போடுவதுண்டு. நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அதன் பெயர் லைன் கிளியரன்ஸ். முந்தைய மாத்திரையின் ஒரு துகள், ஒரு லேபிள், தரையில் ஒரு காலி அட்டைகூட இல்லை என்று பார்த்து, வேறொருவர் வந்து சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்ததைத் தொடங்கலாம். அரைகுறையாகத் துடைத்த வரிசையில் எவ்வளவு நல்ல மருந்தைப் போட்டாலும் அது கலப்படம்தான். ஸ்ரீகர் செய்தது அரைகுறைத் துடைப்பு. நான் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டது, அழுக்கு வரிசையில் புது மருந்து. இரண்டும் வீண். இந்த வரிசையையே விட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போக வேண்டும்.

புதுக் கணக்கு திறக்கப் போனால் மின்னஞ்சல் கேட்டது. என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். உறுதிப்படுத்த ஓடிபி வந்தது, ஸ்ரீகரின் நம்பருக்கு. என் மின்னஞ்சலுக்கே காவல் அவர் நம்பர்தான். எனக்கென்று ஒரு சிம் இருக்கிறது, அம்மாவோடு பேச மட்டும் பயன்படுவது. அந்த நம்பரில் புது மின்னஞ்சல் தொடங்கி, அதில் புதுக் கணக்கைத் திறந்தேன். நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி, பழைய உரையாடல்களைப் பார்க்கும் வசதி இரண்டையும் அணைத்தேன். பிறகு கேட்டேன்: 'என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?'

'எதுவும் தெரியாது' என்றது. அவ்வளவு இனிப்பான பதிலை அந்த மூன்று மாதத்தில் அது எனக்குச் சொன்னதில்லை.

அதன் பிறகும் உடனே கேள்வி கேட்கவில்லை. என் வாயே அழுக்கு வரிசையாக இருக்கும்போது, அதனிடம் பேச ஆரம்பித்தால் நானே மறுபடி கலப்படம் செய்துவிடுவேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, விசாரணை அறிக்கை எழுதுவது மாதிரி, நடந்ததை மட்டும் எழுதினேன்: எந்தப் பிரிவு, எந்தக் கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன மாறியது. விருப்பம், பயம், 'நினைக்கிறேன்' எதுவும் இல்லை. நுஸ்ரத்துக்கு அனுப்பினேன். "ஒரு பொய்யும் இல்ல, ஒரு பணிவும் இல்ல. ஓகே" என்று அவள் சரிபார்த்த பிறகுதான் அதைச் சாட்பாட்டிடம் கொடுத்து, பழைய கேள்வியைக் கேட்டேன்.

மூன்றாவதாக ஒரு பதில் வந்தது. என் பழைய பதிலும் இல்லை, நுஸ்ரத்தின் பதிலும் இல்லை. தணிக்கைப் பிரிவுக்கு இப்போதைக்கு வாய்ப்புக் குறைவு என்றது. இந்த இடைவெளியில் விதிமுறைகள் மாறியிருக்கும், அவற்றைப் படித்துக்கொண்டு போகச் சொன்னது. இடைவெளியை மறைக்காமல் ஒரே வரியில் சொல்லச் சொன்னது. தர விசாரணை வேலைக்கு நான் பொருத்தம் என்றது; வெளிநாட்டு ஆடிட்டர் விஷயத்தை முதல் வரியில் போடச் சொன்னது. அப்போதுதான் ஒன்று புரிந்தது: நுஸ்ரத்தின் கணக்கில் இருந்தது அவளுடைய சீட்டு. தொடர்ந்து வேலையில் இருக்கிற, ஏறிக்கொண்டே போகிற ஒருத்தியின் சீட்டு. அதன் பதிலை நம்பி நான் போயிருந்தாலும் தவறான மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை ஸ்ரீகர் ரெஸ்யூமேயின் அச்சுப்பிரதியைப் பார்த்தார். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"இந்த ஆடிட்டர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாதே."

"அப்போ நமக்குப் புதுசா கல்யாணம். சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

அவர் தாளை மேசையில் வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார். "ஷிப்ட் குடுத்தா இக்ஷிதாவை யார் பாத்துக்குவாங்க?"

"இதை எங்கிட்ட இப்பதான் கேக்கறீங்க."

"பதில் சொல்லு."

"தெரியல. யோசிக்கணும். நீங்களும் யோசிக்கணும், சிக்னல்ல இல்ல, இங்க உக்காந்து."

உட்கார்ந்தார். அவர் முகத்தில் சமாதானம் இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது. விடிகாலைக்கு அவர், மாலைக்குக் கீழ்வீட்டு சுனந்தா அக்காவின் குழந்தைகள் காப்பகம் என்று ஓர் ஏற்பாட்டைப் பேசினோம். அது நிற்குமா என்று இருவருக்கும் தெரியவில்லை. ஷாமீர்பேட்டையில் என்னை எடுப்பார்களா என்பதும் தெரியாது. நாளை அவர்கள் ஷிப்ட் பற்றிக் கேட்டால், "பண்ணுவேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி நிறுத்துவதை மட்டும் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டேன்.

புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. என்னைப் போல யாருக்காவது பதில் கோணலாக வந்தால், செய்ய வேண்டியது இதுதான். சொந்த நம்பரில் சொந்தக் கணக்கு திறக்க வேண்டும். நினைவு, பழைய உரையாடல் இரண்டையும் அணைக்க வேண்டும். வேலை பற்றிக் கேட்பதற்கு முன்னால், தன்னைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எதுவும் தெரியாது என்று சொன்னால்தான் மேலே போக வேண்டும். பிறகு, செய்த வேலையை மட்டும் தானே தாளில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்து, அதைக் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.